வலி வரும்வரை காத்திருக்கலாமா? பற்களும் ஈறுகளும் குறித்து நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஐந்து வேளைத் தொழுகைக்கு உளூச் செய்யும் ஒரு முஸ்லிம், ஒவ்வொரு உளூவிலும் மூன்று முறை வாய் கொப்பளிக்கிறார். கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு 15 முறை. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தொழுகையைச் சொல்லிக் கொடுக்கும்போதே இந்தப் பழக்கத்தையும் நாம் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் அதே வீட்டில், "பல் டாக்டரை கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டால், "பல் வலி வந்தப்போதான்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. பலருக்கு அந்தப் பதிலும் இல்லை. இதுவரை போனதே இல்லை என்பார்கள்.

வாயைச் சுத்தமாக வைக்கும் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. வலி இல்லாத நாளில் பல் மருத்துவரிடம் போகும் பழக்கம்தான் இல்லை. கதிர்காமம், முல்லா வீதி, சுல்தான்பேட்டை என்று புதுச்சேரியில் எங்கே வசித்தாலும், இந்த ஒரு பழக்கம் நம் குடும்பங்களுக்கு ஏன் அவசியம் என்பதையும், அதை எப்படித் தொடங்குவது என்பதையும் இங்கே பார்ப்போம்.

மார்க்கம் காட்டிய வழி

பல் துலக்குவதற்கு இஸ்லாம் கொடுத்த இடம் மிகப் பெரியது. தம் சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லாவிட்டால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யும்படி கட்டளையே இட்டிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர்கள் முதலில் செய்தது மிஸ்வாக்தான் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இரவில் எழுந்தால் பல் துலக்குவார்கள் என்பதை ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். உலகைப் பிரியும் வேளையிலும் மிஸ்வாக் குச்சியை அவர்கள் விரும்பியதும், அன்னை ஆயிஷா (ரலி) அதை மென்று மிருதுவாக்கித் தந்ததும் நாம் அறிந்த செய்திதான்.

மிஸ்வாக் குச்சி பெரும்பாலும் 'சல்வடோரா பெர்சிகா' என்ற மரத்தின் வேரிலிருந்து கிடைக்கிறது. தமிழில் இது உகா மரம். அந்தக் குச்சியை மென்றால் நார்கள் பிரிந்து தூரிகையாகின்றன. அதிலுள்ள சிலிக்கா பல்லின் மேல் படிவதைத் தேய்த்தெடுக்கிறது. கிருமிகளின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பொருள்களும் அதில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குச்சியால் முன்பற்களை நன்றாகத் துலக்க முடியும். கடைவாய்ப் பற்களின் உள்பக்கத்துக்கும், இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள இடுக்குக்கும் அது எளிதில் எட்டாது. ஆகவே மிஸ்வாக் செய்பவரும் பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட் ஆகியவற்றைக் கூடவே பயன்படுத்துவது நல்லது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்க வேண்டியதில்லை.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழியே. அல்லாஹ் இறக்கிய ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்ற செய்தி புகாரியில் உள்ளது. பல்லுக்கு மட்டும் அதில் விதிவிலக்கு இல்லை.

வலி ஏன் கடைசியில் வருகிறது?

நாம் சாப்பிட்ட பிறகு பற்களின் மேல் ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அதில் வாழும் கிருமிகள் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல் ஓடான எனாமலிலிருந்து கால்சியத்தைக் கரைக்கிறது. சிறிது நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தை அடக்கி, இழந்ததைத் திரும்பச் சேர்க்கிறது. இப்படிக் கரைவதும் சேர்வதும் தினமும் நடக்கிறது. கரைவது அதிகமாகி, சேர்வது குறைந்தால் சொத்தை விழுகிறது.

எனாமலில் நரம்பு இல்லை. ஆகவே சொத்தை அங்கே இருக்கும்வரை நமக்கு எந்த வலியும் தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினை எட்டும்போது குளிர்ந்த தண்ணீரும் இனிப்பும் கூசும். அதையும் நாம் பொருட்படுத்துவதில்லை. நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பல்லின் நடுப்பகுதிக்குச் சொத்தை போன பிறகுதான், தூங்கவிடாத வலி வருகிறது. அதற்குள் எளிதாக அடைத்திருக்கக்கூடிய பல்லுக்கு ரூட் கேனால் தேவைப்படுகிறது, அதன்மேல் ஒரு கேப் போட வேண்டியிருக்கிறது, அல்லது பல்லையே எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே அமர்வில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல அமர்வுகளாகிறது. செலவும் பல மடங்காகிறது.

ஈறு நோய் இன்னும் அமைதியானது. தேய்க்காமல் விட்ட படலம் நாளடைவில் கெட்டியாகிப் பற்காரை ஆகிறது. அதை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. ஈறு சிவந்து, துலக்கும்போது இரத்தம் கசியும். இந்த நிலையில் கவனித்தால் முழுமையாகச் சரியாகும். விட்டுவிட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. வலியே இல்லாமல் ஒருநாள் பல் ஆடுவது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சுமார் 350 கோடி பேர் வாய் நோய்களால் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை, தொடக்கத்திலேயே கண்டால் எளிதில் சரிசெய்யக்கூடியவை.

புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதல் காரணம்

நம் ஊருக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. ஐ.சி.எம்.ஆர். நாடு முழுவதும் நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அந்த ஆய்வு கணித்தது. மாநில, யூனியன் பிரதேச வாரியாகப் பார்த்தால் கோவா 26.4 சதவீதத்துடன் முதலிடம். 26.3 சதவீதத்துடன் இரண்டாமிடத்தில் இருப்பது புதுச்சேரி. பெரியவர்கள் நான்கு பேரை எடுத்தால் ஒருவருக்குச் சர்க்கரை என்று பொருள்.

சர்க்கரை நோய்க்கும் ஈறு நோய்க்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. இரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஈறு நோய் எளிதில் வரும், வேகமாக முற்றும், ஆற நாளாகும். மறுபக்கம், ஈறில் நீடிக்கும் அழற்சி இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறுகளுக்கு முறையான சிகிச்சை செய்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

கதிர்காமத்தில் வழுதாவூர் சாலையிலுள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வேறு மருத்துவமனைக்கோ சர்க்கரை மாத்திரைக்காகப் போகும் வாப்பாவும் உம்மாவும் நம் வீடுகளில் நிறையப் பேர். கண்ணுக்கும், காலுக்கும், சிறுநீரகத்துக்கும் பரிசோதனை செய்யச் சொல்லப்படுவது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் பல்லையும் ஈறையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல் மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை இருப்பதையும், சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லிவிட வேண்டும். பல் எடுக்கப் போகிறோமே என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவதோ, வெறும் வயிற்றில் போவதோ கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், இதய வால்வு மாற்றியவர்களும் முன்கூட்டியே சொல்வது மிக முக்கியம்.

பிள்ளைகளின் பற்கள்

"விழுந்து முளைக்கிற பல்தானே" என்று பால் பற்களை விட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். பால் பல் சீக்கிரம் போய்விட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்கின்றன, பின்னால் வரும் நிலையான பல்லுக்கு இடமில்லாமல் போகிறது. பல் வலியுள்ள பிள்ளை சரியாகச் சாப்பிடாது, தூங்காது, பள்ளியிலும் மத்ரஸாவிலும் மனம் ஒன்றாது.

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நடத்திய தேசிய ஆய்வில், 5 வதுப் பிள்ளைகளிலும் 12 வயதுப் பிள்ளைகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கும், 15 வயதில் சுமார் 63 சதவீதம் பேருக்கும் சொத்தை இருந்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை இவை:

முதல் பல் முளைத்த பிறகு, முதல் பிறந்த நாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் கொடுத்து, அதை வாயில் வைத்தபடியே தூங்கவிடக் கூடாது. மேல் முன்பற்கள் வரிசையாகச் சொத்தையாவதற்கு இது முக்கியக் காரணம்.

பேஸ்ட்டின் அளவு முக்கியம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவரே துலக்கிவிடுவது அல்லது பக்கத்தில் நின்று கவனிப்பது நல்லது.

ஆறு வயதில், பால் பல் எதுவும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது பால் பல் அன்று. வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிலையான பல். பெற்றோர் பலர் இதை அறியாமல், 'விழுந்துவிடும்' என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். பத்து வயதிலேயே அந்தப் பல்லை எடுக்க வேண்டிய நிலை வருகிறது.

பிறந்த குழந்தைக்குப் பேரீச்சம்பழத்தை மென்று தஹ்னீக் செய்பவரின் வாயும் சுத்தமாக, நோயற்றதாக இருக்க வேண்டும். சொத்தைக் கிருமிகள் பெரியவர்களின் உமிழ்நீர் வழியாகவே குழந்தைகளுக்குப் போகின்றன.

கர்ப்பிணிப் பெண்கள்

கர்ப்ப காலத்து ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்குவதும் இரத்தம் கசிவதும் சாதாரணம். 'பிள்ளைத்தாச்சி பல்லில் கை வைக்கக் கூடாது' என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதுண்டு. பல் சுத்தம் செய்வதையும் சொத்தையை அடைப்பதையும் கர்ப்ப காலத்தில் பாதுகாப்பாகச் செய்யலாம். நான்காவது முதல் ஆறாவது மாதம் வரை அதற்கு வசதியான காலம். கர்ப்பமாக இருப்பதை மருத்துவரிடம் சொன்னால் போதும், மாத்திரைகளையும் எக்ஸ்ரேயையும் அவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.

ஆண் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டக் கூச்சப்பட்டே பல பெண்கள் வலியோடு காலம் தள்ளுகிறார்கள். இன்று பெண் பல் மருத்துவர்கள் நிறையவே இருக்கிறார்கள். கணவரோ மகனோ விசாரித்து அழைத்துப் போனால் இந்தத் தடை நீங்கிவிடும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை

நிக்காஹ் வீட்டில் வெற்றிலைத் தட்டு மரியாதையின் அடையாளம். ஆனால் பாக்கின் தீமையை இன்று மறைத்துப் பேச முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல், புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு மட்டுமல்ல, புகையிலை சேர்க்காததும், வெறும் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. தொடர்ந்து பாக்கு மெல்பவரின் கன்னத்தின் உள்பகுதி நார் நாராக இறுகி, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். தம் மூன்று விரல்களைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடியாதவர் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 21.4 சதவீதம் பேர் மெல்லும், உதட்டில் அடக்கும் புகையிலைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். இளைஞர்களும் பள்ளி மாணவர்களும் பொட்டலப் பாக்கில் தொடங்குவதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாத கட்டி, விழுங்கச் சிரமம் ஆகிய எதுவும் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். வழக்கமான பல் பரிசோதனையில் மருத்துவர் நாக்கின் அடியையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் சேர்த்தே பார்க்கிறார். உயிரைக் காக்கும் பரிசோதனை என்று இதைச் சொல்வது மிகையாகாது.

தினமும் செய்ய வேண்டியவை

காலையிலும் இரவிலும், இரண்டு நிமிடம், மென்மையான இழைகள் கொண்ட பிரஷ்ஷால், ஃபுளோரைடு பேஸ்ட் கொண்டு துலக்க வேண்டும். இரண்டில் முக்கியமானது இரவு. தூங்கும்போது உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் பல்லுக்கு இயற்கையான பாதுகாப்பு அப்போது இல்லை.

துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு, நிறையத் தண்ணீரால் கொப்பளிக்காமல் விட்டால் ஃபுளோரைடு பல்லில் தங்கி வேலை செய்யும். நமக்கு இதற்கு வசதியான நேரம் இஷாத் தொழுகைக்கும் இரவு உணவுக்கும் பிறகு, படுக்கப் போகும் முன். அதன் பிறகு உளூவுக்காகக் கொப்பளிக்க வேண்டியதில்லை. சுப்ஹு உளூவின்போது மிஸ்வாக், பிறகு காலைப் பசியாறலுக்கு முன் பிரஷ் என்று வைத்துக்கொள்ளலாம்.

அழுத்தித் தேய்ப்பது பல்லுக்கு நல்லதன்று. அடுப்புக்கரி, செங்கல்பொடி, மணல் ஆகியவை எனாமலை அரித்துவிடும். புகையிலை கலந்த பற்பொடியையும் பேஸ்ட்டையும் இந்திய அரசு 1992-இலேயே தடை செய்துவிட்டது. இன்னும் சிலர் புகையிலைப் பொடியால் பல் தேய்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டாயம் விட வேண்டும். நாக்கையும் மென்மையாக வழிக்க வேண்டும், வாய் நாற்றத்துக்குப் பெரும்பாலும் நாக்கின் மேல் படிவதும் ஈறு நோயுமே காரணம். பச்சை வெங்காயம், பூண்டு தின்றவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை எண்ணிப் பார்த்தால், பக்கத்தில் நின்று தொழுபவரின் உரிமை புரியும்.

இனிப்பில் எவ்வளவு என்பதோடு எத்தனை முறை என்பதும் முக்கியம். புதுச்சேரியில் ரொட்டிக்கும் பேக்கரிக்கும் குறைவில்லை. டீயோடு ஒரு பன், கொஞ்ச நேரம் கழித்துப் பொறை, பிறகு பிஸ்கட் என்று நாள் முழுவதும் தின்றால், ஒவ்வொரு முறையும் சுமார் அரை மணி நேரம் பல் அமிலத்தில் நனைகிறது. அதே இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் பாதிப்பு குறைவு. ரமளானில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே சர்பத்தும் பலகாரமும் ஓயாமல் போவதுண்டு. பேரீச்சம்பழமும் பல்லில் ஒட்டும் இனிப்புதான். ஸஹர் முடித்ததும், பாங்குக்கு முன், பிரஷ் செய்துவிட்டால் நோன்பு முழுவதும் வாய் சுத்தமாக இருக்கும்.

பரிசோதனைக்கு எப்போது, எங்கே?

பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சர்க்கரை நோயாளிகள், புகையிலை பயன்படுத்துபவர்கள், அடிக்கடி சொத்தை விழும் பிள்ளைகள் ஆகியோர் மருத்துவர் சொன்னால் அதைவிடச் சீக்கிரமும் போக வேண்டும். எந்தப் பிரச்சினையும் இல்லாத பெரியவர்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி ஆண்டுக்கு ஒருமுறை போகலாம். பற்களையும் ஈறுகளையும் வாயின் உள்பகுதியையும் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். வலி இருக்காது. தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள், பற்காரை இருந்தால் ஸ்கேலிங் செய்வார்கள்.

கதிர்காமம் பகுதி மக்களுக்கு இது எட்டாத இடத்தில் இல்லை. பக்கத்திலேயே இந்திரா நகர், கோரிமேடு பகுதியில் புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனம் இருக்கிறது. 1990-இல் தொடங்கப்பட்ட அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரும் கோரிமேட்டில்தான் உள்ளது. அங்கும் பல் மருத்துவத் துறை இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் இளம் மருத்துவர்கள் சிகிச்சை செய்வார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், சில வேலைகளுக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். தனியார் கிளினிக்கை ஒப்பிட்டால் செலவு குறைவு. ஆகவே பணமில்லை என்ற காரணத்துக்காக யாரும் வலியைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சில தவறான எண்ணங்கள்

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்பது தவறு. ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடும் பற்களைப் பற்காரை சிமென்ட் போலப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது, அவ்வளவுதான். காரையை விட்டுவைத்தால் ஆட்டம் இன்னும் கூடும்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதும் தவறு. கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு.

பல் வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அடக்குவது ஈறைப் புண்ணாக்கும். இலவங்க எண்ணெய் சிறிது நேரம் வலியை மரக்கச் செய்யும், சொத்தையைச் சரிசெய்யாது. வலி தானாக நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. பல நேரங்களில் நரம்பு செத்துப்போனதால்தான் வலி நிற்கிறது, சீழ் உள்ளே பரவிக்கொண்டிருக்கும். முகம் வீங்கி, காய்ச்சலும் விழுங்கச் சிரமமும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மார்க்கச் சந்தேகங்கள்

நோன்பு நேரத்தில் பல் சிகிச்சை செய்யலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-இல் ஜித்தாவில் கூடியபோது இதை ஆராய்ந்தது. தொண்டைக்குள் போவதை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால், பல்லைத் துளையிடுவதும், எடுப்பதும், சுத்தம் செய்வதும், மிஸ்வாக்கும் பிரஷ்ஷும் நோன்பை முறிக்காது என்று முடிவு செய்தது. அவசரமில்லாத சிகிச்சையை இஃப்தாருக்குப் பிறகோ, ரமளானுக்கு முன்போ வைத்துக்கொள்வது பேணுதலானது. ரஜப், ஷஅபான் மாதங்களிலேயே குடும்பத்தோடு ஒரு பரிசோதனையை முடித்துவிடுவது நல்ல ஏற்பாடு.

ஷாஃபிஈ மத்ஹபில் நோன்பாளி லுஹருக்குப் பிறகு மிஸ்வாக் செய்வது மக்ரூஹ். ஹனஃபி மத்ஹபில் தடையில்லை. எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும் ஸஹருக்குப் பிறகும் இஃப்தாருக்குப் பிறகும் பல் துலக்குவதற்குத் தடை ஏதுமில்லை. நோன்பாளியின் வாய் வாடை பற்றிய நபிமொழி நோன்பின் சிறப்பைச் சொல்கிறது. பல்லை அழுக்காக விடுவதற்கு அது அனுமதியாகாது.

கடமையான குளிப்புக்குப் பல் அடைப்பும் கேப்பும் தடையாகுமா என்றும் கேட்கிறார்கள். நிலையாகப் பொருத்தப்பட்டு, எடுக்க முடியாதவற்றை அகற்ற வேண்டியதில்லை என்பதே அறிஞர்கள் பொதுவாகத் தரும் தீர்ப்பு. கழற்றி மாட்டும் பல் செட்டைக் கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும்.

அழகுக்காகப் பற்களில் இடைவெளி உண்டாக்குவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். மெல்லவும் பேசவும் இடைஞ்சலான, கோணலான பற்களைக் கம்பி போட்டுச் சரிசெய்வது குறையை நீக்கும் சிகிச்சை, அது இதில் சேராது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தியை, தேவைக்காகச் செயற்கை உறுப்பு பொருத்துவதற்கு அறிஞர்கள் ஆதாரமாகக் கொள்கிறார்கள்.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்த வாரம் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவரும் கடைசியாகப் பல் மருத்துவரைப் பார்த்தது எப்போது என்று எதிரில் குறியுங்கள். சர்க்கரை உள்ள பெரியவர்கள், கர்ப்பிணிகள், ஆறு வயதைத் தொட்ட பிள்ளைகள், பாக்கு போடுபவர்கள் ஆகியோரை முதலில் அழைத்துப் போங்கள். மஹல்லா ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஒருமுறை மத்ரஸாப் பிள்ளைகளுக்குப் பல் பரிசோதனை முகாம் நடத்த, அரசுப் பல் மருத்துவக் கல்லூரியை அணுகலாம். ஜுமுஆ பயானில் ஐந்து நிமிடம் இதைப் பேசுவதும் பயன் தரும்.

நம் உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். குர்ஆன் ஓதும் நாவையும், ஹலாலான உணவை மெல்லும் பற்களையும் பேணிப் பாதுகாக்க அவன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.